பதிலுக்கு விட்ட இடம்

ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் அவளுக்கு 'ரெண்டுதடவை' என்று பெயர். டாக்டர் சீட்டைப் படித்து மாத்திரையை எண்ணி எடுப்பாள். பிறகு சீட்டை மறுபடியும் படித்து, எண்ணியதையே மறுபடி எண்ணுவாள். அதற்கப்புறம்தான் கவருக்குள் போடுவாள். வரிசையில் நிற்பவர்கள் உச்சுக் கொட்டினாலும் அசைய மாட்டாள்.

"ஏங்க, ரெண்டு தடவை எண்ணினா மாத்திரை குட்டி போடுமா?" என்று பக்கத்துக் கவுன்டர்க்காரர் கேலி செய்வார்.

"போடாது. ஆனா ஒண்ணு ஓடிப்போயிருந்தா தெரிஞ்சிடும்ல" என்பாள்.

அப்படிப்பட்டவள், தன் எட்டு வயது மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தும்போது ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது, போனாள். குழந்தை குடிநீர்த் தொட்டிக்குப் பின்னால், சுவருக்கும் தொட்டிக்கும் இடையில் இருந்த சந்தில், இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தது. வகுப்பில் கணக்கு டீச்சர் மணல் கடிகாரம் ஒன்றை மேஜைமேல் கவிழ்த்து வைத்துக் கேள்வி கேட்பாராம். மணல் விழுந்து முடிவதற்குள் பதில் வர வேண்டும்.

"பதில் தெரியாம இல்லைங்க. நேரத்துக்கு வர மாட்டேங்குது" என்றார் டீச்சர். கெட்டவர் இல்லை. அவரும் கலங்கித்தான் போயிருந்தார்.

குழந்தையின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவள், தெருவிலேயே நின்று கணவனுக்குப் போன் செய்தாள். அவன் பஸ் டிரைவர். அப்போது டிப்போவில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, நம்ம சிட்டுவைக் கூட்டிட்டு வந்துட்டேன்."

"ஏன், காய்ச்சலா?"

"இல்ல. மொத்தமா கூட்டிட்டு வந்துட்டேன்."

மறுமுனையில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "சரி, வீட்டுல பேசிக்கலாம்" என்றான். பேசினார்கள். அவன் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "நீ சொல்லிக் குடுத்துடுவியா?"

"மத்ததெல்லாம் குடுத்துடுவேன். கணக்குதான் யோசனையா இருக்கு."

"நாள் பூரா நீ எண்ணிக்கிட்டுதானே இருக்கே?"

"எனக்குக் கைக்கு வரும், வாய்க்கு வராதுங்க. பத்து போய் ஏன் பக்கத்து வரிசையில உக்காருதுன்னு கேட்டா என்ன சொல்லுவேன்?"

அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. ஆகவே பாடமெல்லாம் காலையில், சமையலறை மேஜையில் நடந்தது. வாசிப்பும் எழுத்தும் தண்ணீர்பட்ட பாடாக ஓடின. கணக்குக்கு மட்டும் நல்ல பாடத்திட்டமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தாள். அங்கே பிடித்தது சனி. முதலில் வாங்கியது தலையணை கனத்தில் ஒரு பயிற்சிப் புத்தகம். பக்கம் முழுக்கக் கணக்குகள் எறும்பு வரிசை மாதிரி போய்க்கொண்டே இருந்தன. சிட்டு மூன்றாவது பக்கத்தில் தலையைக் கவிழ்த்து மேஜையில் வைத்துக்கொண்டாள். அடுத்து வண்ண வண்ண மரத்துண்டுகள் கொண்ட ஒரு பெட்டி வந்தது. அது அவளுக்கு ரொம்பப் பிடித்தது. துண்டுகளை வைத்து மாடிப்படி கட்டினாள், கட்டில் செய்தாள், பத்தைக் குறிக்கும் நீளத் துண்டை வாசல் கதவாக நிறுத்தினாள். "கணக்கைத் தவிர எல்லாத்தையும் கத்துக்கிட்டா" என்றான் கணவன். நாத்தனார் போனில் சிபாரிசு செய்த கம்ப்யூட்டர் பாடத்தில் பலூன்கள் வெடித்தன. மூலையில் ஒரு கடிகாரமும் ஓடியது. சிட்டு பலூனைப் பார்க்கவே இல்லை. கடிகாரத்தைத்தான் பார்த்தாள். பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரை மெல்ல மூடினாள். தூங்குகிறவருக்குப் போர்த்திவிடுவது மாதிரி மூடினாள்.

வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் பெற்றோர் சிலர் மாதம் ஒருமுறை கூடுவது வழக்கம். கூடும் இடம் ஒரு பர்னிச்சர் கடையின் மாடியில் இருந்த கூடம். கூட்டத்தை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். அங்கே கணக்குப் பாடத்திட்டம் என்று வாயைத் திறந்தால் போதும், ஆளாளுக்கு மல்லுக்கு நிற்பார்கள். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யாமல் ஆகாது என்று ஓர் அப்பா; மனப்பாடம் என்ற வார்த்தையே பாவம் என்று ஓர் அம்மா. எல்லார் சொன்னதையும் கேட்ட சிட்டுவின் அம்மா தலைவலியோடு எழுந்து, சுவரோரம் கிடந்த பரிமாற்ற மேஜைப் பக்கம் போனாள். தங்களுக்கு வேண்டாத புத்தகங்களை அங்கே வைத்துவிடுவார்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

மேஜைக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. உள்ளே வரிசையாக ஒலிநாடாக்கள், ஒரு பழைய டேப் ரிக்கார்டர், கம்பியில் கோத்த மணிகள். ஒவ்வொரு நாடாவிலும் நிதானமான கையெழுத்தில் கூட்டல், கழித்தல், பெருக்கல் என்று எழுதியிருந்தது.

"அதுவா? ரொம்ப நாளா கிடக்கு" என்றார் பல் டாக்டர். "ரெண்டு குடும்பம் எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து வச்சுட்டாங்க."

"நல்லா இல்லையா?"

"பிள்ளைங்களுக்கு ரொம்பப் பிடிச்சுதாம். பெத்தவங்களுக்குத்தான் பிடிக்கலையாம். ஏன்னு கேட்டா ரெண்டு பேருமே சரியா சொல்லல." டாக்டர் தோளைக் குலுக்கினார். "எடுத்துட்டுப் போய்ப் பாருங்களேன். காசா பணமா?"

மறுநாள் காலை மேஜைமேல் ரிக்கார்டரை வைத்து முதல் நாடாவைப் போட்டாள். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு ஓர் ஆணின் குரல், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல வந்தது.

"வாம்மா. உக்காந்தாச்சா? வெளிச்சம் வர்ற பக்கமா உக்காரு. அவசரம் ஒண்ணும் இல்ல."

சிட்டு நிஜமாகவே நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் குரல் ஒரு கேள்வி கேட்கும். அப்புறம் நிறுத்தும். நிறுத்தினால் சாதாரண நிறுத்தம் இல்லை. சில இடங்களில் நாடா அறுந்துவிட்டதோ என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு நீளம். அதன்பிறகு பதிலைச் சொல்லி, "அவ்வளவுதான்" என்று முடிக்கும். சபாஷ் கிடையாது, தப்பு என்ற பேச்சும் கிடையாது. 'அவ்வளவுதான்' என்று அவர் சொல்லும்போது, கேட்பவரின் தோள்களே இறங்கிவிடும். அன்றைக்குச் சிட்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டாள்.

ஒரு வாரம் போல நிம்மதியாகப் போனது. பக்கத்து வரிசையில் பத்து ஏன் போய் உட்காருகிறது என்பதை அந்தக் குரல் மணிகளை வைத்து விளக்கியபோது அவளுக்கே முதல்முறையாகப் புரிந்தது. "இத்தனை வயசுக்கு அப்புறம் எனக்குக் கூட்டல் வந்துடுச்சுங்க" என்று கணவனிடம் சொல்லிச் சிரித்தாள்.

அதற்கப்புறம்தான் அவள் அதைக் கவனித்தாள். குரல் கேள்வி கேட்டு நிறுத்தியதும் சிட்டு உடனே பதில் சொல்வதில்லை. தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொள்கிறாள். யாரோ பேசி முடிக்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிற முகம். சில சமயம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு வேறு. முதலில், குழந்தை யோசிக்கிறது என்றுதான் நினைத்தாள். ஒருநாள் குரல் கேட்டது:

"ஒன்பதும் ஆறும்?"

அமைதி. சிட்டு தலையைச் சாய்த்தாள். பிறகு நாற்காலிக்கு அந்தப் பக்கம் திரும்பி, ரொம்ப அன்பாக, "பதினாலு இல்ல, பதினஞ்சு" என்றாள்.

கரண்டி அம்மாவின் கையிலேயே நின்றது.

"பதினாலுன்னு யாரு சொன்னா, கண்ணு?"

"அந்தப் பொண்ணு."

"எந்தப் பொண்ணு?"

சிட்டு ரிக்கார்டரைக் காட்டினாள். "இதுல இருக்கிற பொண்ணு. அவ எப்பவும் இதுக்குப் பதினாலுதான் சொல்லுவா. தப்பா சொன்னாலும் அவங்கப்பா திட்ட மாட்டார்ம்மா."

வெளியே யாரோ தெருவில் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். நல்ல வெயில். மேஜைமேல் ஜன்னல் கம்பிகளின் நிழல் விழுந்திருந்தது. பயப்படுவதற்கான நேரமே இல்லை அது. ஆனாலும் அவள் கையை நீட்டி ரிக்கார்டரை நிறுத்தினாள்.

சிட்டு குளிக்கப் போனதும் நாடாவைப் பின்னோக்கிச் சுற்றி, ஒலியை முழுக்கக் கூட்டிவைத்துக் கேட்டாள். இரைச்சல்தான் பெரிதாயிற்று. கணவனின் ஹெட்போனை எடுத்து வந்து செருகி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் கேட்டாள். இரைச்சலுக்குள்ளே இரைச்சலை விடக் கொஞ்சம் கெட்டியாக ஏதோ இருந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினால் எப்படி இருக்கும், அப்படி. அவள் இன்னொரு தரம் சுற்றினாள். இந்தத் தரம் சந்தேகமே இல்லை.

பதினாலு.

ஒரு சின்னப் பெண். ஏழு, எட்டு வயசு இருக்கும். அவசரமில்லாமல், நிச்சயமில்லாமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கி, சரியா என்று கேட்பது போல. அதன்பின் அந்த ஆணின் குரல், "பதினஞ்சு. அவ்வளவுதான்" என்றது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தவள், கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். கை ஈரமாக இல்லை.

கணவன் வந்ததும் அவன் காதில் மாட்டிவிட்டாள். அவன் வழக்கம்போல ஏதோ நக்கலாகச் சொல்ல வாயெடுத்தவன், பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். நாடாவில் இரண்டு, மூன்று கேள்விகள் ஓடும்வரை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினான்.

"டேப்பு பழசு" என்றான். "அந்தப் பொண்ணு பதில் சொல்லச் சொல்லப் பதிவு பண்ணியிருப்பாரு. அப்புறம் பொண்ணு பேச்சை மட்டும் அழிச்சிருப்பாரு, கேக்கிற பிள்ளைங்க பதில் சொல்ல இடம் வேணும்ல. சரியா அழியாம மிச்சம் கசியுது. அவ்வளவுதான்."

கடைசி வார்த்தையைச் சொன்ன பிறகு இருவருமே ரிக்கார்டரைப் பார்த்தார்கள்.

விளக்கம் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவளும் தூங்கிவிட்டாள். ஆனால் சிட்டு நாளுக்கு நாள் அந்தப் பெண்ணோடு ஒட்டிக்கொண்டே போனாள். பாடம் தொடங்கும்போது நாற்காலியில் பாதி இடம்தான் எடுத்துக்கொள்வாள். "இன்னைக்கு அவளுக்கு மனசு சரியில்ல" என்பாள். "கழித்தல்னா அவளுக்குப் பிடிக்காது. எடுத்தது எங்க போகுதுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்பாள். ஒரு நாள் அம்மா ஹெட்போனில் ஒட்டுக்கேட்டாள்; அந்த நாடாவின் நிறுத்தத்தில் எண் எதுவும் இல்லை. ஒரு கேள்விதான் இருந்தது. எங்க போகுது? அந்த ஆணின் குரல் அதைக் காதில் வாங்காமல், மென்மையாக, அடுத்த கணக்குக்குப் போனது.

அன்றே பெட்டியை மூடி அலமாரியின் மேல்தட்டில் ஏற்றினாள். முயல்கள் கேரட்டைப் பங்கு போடும் கதைப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள். சிட்டு அடம் பிடிக்கவில்லை, அழவில்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் கேள்வியைப் படித்துவிட்டு, இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

இனி அந்தப் பெண் யார் என்று தெரியாமல் முடியாது என்று ஆகிவிட்டது.

பல் டாக்டருக்குப் போன் செய்தாள். பின்னணியில் யாருடைய பல்லோ ராவப்படும் சத்தம் கேட்டது. "அதுவா... ரேடியோ ரிப்பேர்க் கடை வச்சிருந்தாரே ஒருத்தர், அவரோடது. அவர் போயிட்டாரு. பொண்ணுதான் வீட்டைக் காலி பண்ணும்போது கொண்டாந்து குடுத்தாங்க."

"எந்தப் பொண்ணு?" என்று கேட்கும்போது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "பொண்ணு உயிரோட இருக்காங்களா?"

"என்ன கேள்வி இது? நல்லா குத்துக்கல்லாட்டம் இருக்காங்க. சரக்கு லாரி நிக்கிற யார்டு இருக்குல்ல, அங்க எடை மேடையில வேலை."

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில், ஒரு நாடாவையும் ரிக்கார்டரையும் ஹெட்போனையும் பையில் போட்டுக்கொண்டு யார்டுக்குப் போனாள். எடை மேடை என்பது தரையோடு பதித்த நீளமான இரும்புத் தட்டு. லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் கண்ணாடி போட்ட சின்ன அறை; அதற்குள் நாற்பதை ஒட்டிய ஒரு பெண், சிவப்பு எண்கள் ஓடும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். லாரி ஏறியதும் எண்கள் தடதடவென்று ஓடின, மேலும் கீழும் அலைந்தன.

"இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. வண்டி அசையாம நின்னாதான் நம்பர் நிக்கும்" என்று மைக்கில் சொன்னாள். சொல்லிவிட்டு, எண் தானாக அடங்கும்வரை பேசாமல் இருந்தாள்.

லாரி போனதும் சிட்டுவின் அம்மா உள்ளே போய்த் தான் யார் என்று சொன்னாள். ரிக்கார்டரைப் பார்த்ததுமே எடைமேடைக்காரியின் முகம் மலர்ந்தது.

"அட, இன்னும் ஓடுதா இது? உங்க பொண்ணுக்கா? கேக்குறாளா?"

"நல்லா கேக்குறா. அப்பா ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்திருக்காரு. அதுல ஒண்ணு மட்டும் கேக்கணும்னு வந்தேன்." அவள் தயங்கினாள். "நீங்க சொன்ன பதிலெல்லாம் சரியா அழியல. கேக்குது."

"நான் சொன்ன பதிலா?"

"ஆமாங்க. நீங்க சின்ன வயசுல சொன்னது."

எடைமேடைக்காரி நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். "அப்ப நான் பேசவே மாட்டேங்க" என்றாள். "பத்து வயசு வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசினதில்ல. காது கேக்கும், எல்லாம் புரியும், வாய் மட்டும் வராது. பள்ளிக்கூடத்துல ஒண்ணும் தெரியாத பிள்ளைன்னு ஒதுக்கிட்டாங்க. அப்பாதான் வீட்டுல வச்சுச் சொல்லிக் குடுத்தாரு. பதிலை மணியைத் தள்ளிக் காட்டுவேன்."

"அப்ப அந்த டேப்புல..."

"அவர் பகல்ல கடைக்குப் போகணுமே. அதான் இதைப் பதிவு பண்ணி வச்சாரு, நான் தனியா கத்துக்கட்டும்னு. கடையில ஷட்டரைப் பாதி இறக்கிட்டு உக்காந்து பதிவு பண்ணுவாரு. நான் அந்த இடத்துலயே இல்லைங்க. வீட்டுல இருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "எதுக்கு இவ்வளவு நேரம் சும்மா விடுறாருன்னு அம்மா கேப்பாங்க. என்னைக்காவது அவ பேசினா பேசுறதுக்கு இடம் வேணாமான்னு சொல்லுவாரு."

கணவன் சொன்ன விளக்கம் ஒரு நொடியில் கையைவிட்டுப் போயிற்று. சிட்டுவின் அம்மா ஹெட்போனை நீட்டினாள். ஒன்பதும் ஆறும் வரும் இடத்துக்கு நாடாவை ஏற்கெனவே சுற்றி வைத்திருந்தாள்.

எடைமேடைக்காரி மாட்டிக்கொண்டாள். அப்பாவின் குரல் வந்திருக்க வேண்டும். உதட்டோரம் லேசாக ஒரு சிரிப்பு. பிறகு நிறுத்தம் வந்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே தங்கிப்போனது, எடுத்து வைக்க மறந்துபோன பாத்திரம் மாதிரி. வெளியே அடுத்த லாரி மேடையில் ஏறி ஹாரன் அடித்தது. எண்கள் ஓடின. அவள் திரும்பவில்லை.

வெகுநேரம் கழித்து ஹெட்போனை இறக்கினாள்.

"பதினாலு" என்றாள். "எனக்கு ஒன்பதும் ஆறும்னா ரொம்ப நாள் பதினாலுதான். ஆனா மணியில நான் அப்படிக் காட்டினதே இல்லைங்க. மணியைத் தள்ளினா சரியா வந்துடும்ல. அது மனசுக்குள்ள சொன்னது." அவள் தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கே தெரியாது."

"குரல் உங்களோடதா?"

"எப்படிச் சொல்றது? அந்த வயசுல எனக்குக் குரல்னு ஒண்ணு இருந்தாத்தானே."

லாரிக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். அவள் எழுந்து எடைச் சீட்டைக் கொடுத்தாள். சீட்டைத் தலைகீழாக நீட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் எடைமேடைக்காரி அவர்கள் வீட்டுக்கு வந்தாள். தான் வரலாமா என்று அவளேதான் கேட்டிருந்தாள். கணவன் அன்று விடுமுறை போட்டுவிட்டு, ஒன்றுமில்லாத ஒரு பைப்பை ரிப்பேர் செய்வதாகச் சொல்லிக்கொண்டு அடுப்படியிலேயே சுற்றினான். சிட்டு விருந்தாளியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்ட்டிக்கும் கணக்குப் பாடம் கேக்கணுமாம். பக்கத்துல உக்கார வச்சுக்கிறியா?" என்றாள் அம்மா.

"இன்னொரு நாற்காலி போடணும்" என்றாள் சிட்டு. "இதுல எங்க ரெண்டு பேருக்குத்தான் இடம்."

நாடா ஓடியது. வாம்மா, உக்காந்தாச்சா என்று குரல் கேட்டது. எடைமேடைக்காரி கையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவளைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதல் சில கேள்விகளுக்குச் சிட்டு வழக்கம்போலக் காத்திருந்து, சிரித்து, பதில் சொன்னாள். ஹெட்போன் இல்லாமலே அந்த அறையில் ஏதோ கேட்கிற மாதிரி ரெண்டுதடவைக்குத் தோன்றியது. பாதி அது, பாதி தன் காதில் ஓடும் ரத்தம்.

"ஒன்பதும் ஆறும்?"

நிறுத்தம். சிட்டு தலையைச் சாய்த்தாள். எடைமேடைக்காரியின் உதடுகள் பிரிந்தன, மூடின. நாடாவின் சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்த நிறுத்தம் அன்றைக்கு, முன்பு கேட்டதைவிட நீண்டதாக இருந்தது என்று கணவன் பிறகு சத்தியம் செய்தான். எடைமேடைக்காரி தொண்டையைச் செருமினாள்.

"பதினஞ்சுப்பா" என்றாள்.

"பதினஞ்சு. அவ்வளவுதான்" என்றது குரல்.

அவள் முகத்தை மூடிக்கொண்டாள். யாரும் அவளைத் தொடவில்லை. அடுப்படியில் கணவன் குழாயை இறுக்கிக்கொண்டே இருந்தான். சிட்டு மட்டும் ரிக்கார்டரிடம் குனிந்து காதை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் சுண்டிப்போயிருந்தது.

"அவ ஒண்ணுமே சொல்லல. நீங்க சொல்லிட்டீங்க, அதான்."

நாடாவைச் சுற்றி மறுபடி போட்டார்கள். அந்த இடத்தில் வெறும் இரைச்சல். ஹெட்போனிலும் இரைச்சல்தான். அதற்கு முன்னாலும் பின்னாலும் இருந்த கேள்விகளில் அந்தச் சின்னக் குரல் அப்படியே இருந்தது. அந்த ஒரு கேள்வியில் மட்டும் இல்லை. சுவரிலிருந்து ஆணியைப் பிடுங்கிய இடம் மாதிரி இருந்தது.

கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவளிடம் சிட்டுவின் அம்மா கேட்டாள்: "மத்ததுக்கும் நீங்களே பதில் சொல்லிடுறீங்களா? நாடாவை நாங்க கொண்டாந்து தர்றோம். இல்லன்னா எப்ப வேணும்னாலும் வாங்க."

எடைமேடைக்காரி யோசித்தாள். அவளிடம் ஒன்றைக் கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும் என்பது ரெண்டுதடவைக்கு அப்போதே பழகிவிட்டிருந்தது.

"வேணாம்" என்றாள் கடைசியில். "அவர் கேட்டுக்கிட்டே இருந்தாரு, நான் சொல்லிக்கிட்டேதான் இருந்திருக்கேன். அது அப்படியே இருக்கட்டும். உங்க பொண்ணுக்குத் துணையா இருக்கும்ல?" அதன்பிறகு லேசாகச் சிரித்தாள். "தப்புத் தப்பா சொல்லிக் குடுத்தா மட்டும் கொஞ்சம் பாத்துக்கோங்க."

அப்படித்தான் சிட்டு கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் கற்றுக்கொண்டாள். பெட்டி அலமாரியிலிருந்து இறங்கியது. பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வீட்டில் ஓர் ஆள் கூடுதலாக இருப்பதற்கு எப்படிப் பழகுவார்களோ அப்படிப் பழகினார்கள். பெற்றோர் கூட்டத்தில் யாராவது, "நீங்க என்ன பாடத்திட்டம் வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "பழைய டேப்புதான். நிதானமாப் போகும்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவாள். எடைமேடைக்காரி எப்போதாவது வந்து டீ குடித்துவிட்டுப் போவாள். பாடம் நடக்கும் நேரத்தில் மட்டும் வர மாட்டாள்.

பெருக்கலோடு நாடாக்கள் முடிந்துவிட்டன. அந்தச் சமயத்தில்தான் ரேடியோக்காரரின் மகள் பேச ஆரம்பித்துப் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வகுத்தலைப் பதிவு செய்ய அவசியம் இல்லாமல் போயிருக்கிறது. கடைசி நாடாவில், கடைசிக் கேள்விக்குப் பிறகும் ஒரு நிறுத்தம் இருந்தது. அதில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. சிட்டு அதை முழுக்கக் கேட்டுவிட்டு, தானே பொத்தானை அமுக்கி நிறுத்தினாள். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று அம்மா கேட்டதற்கு, "அது எங்களுக்குள்ள" என்றுவிட்டாள்.

வகுத்தலுக்கு அம்மா யாரையும் யோசனை கேட்கவில்லை. கடைக்குப் போய், ஒல்லியாக, படம் அதிகமில்லாத ஒரு சாதாரணப் புத்தகத்தை எடுத்து வந்தாள். தானே சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தாள். எப்படிக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு எப்படிச் சும்மா இருக்க வேண்டும் என்பது அவளுக்கு இப்போது தெரியும்.

"ஐம்பத்தாறை ஏழு பேருக்குப் பிரிச்சா?"

சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். சிட்டு ஜன்னலைப் பார்த்தாள். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உதறினார்கள். சிட்டுவின் உதடுகள் அசையவில்லை, அதில் சந்தேகமே இல்லை. அம்மா அந்த உதடுகளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் அவளுக்குக் கேட்டது. தெளிவாக, அவசரமில்லாமல், கடைசி எழுத்தைக் கொஞ்சம் தூக்கி.

ஒன்பது?

சிட்டு ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

"எட்டும்மா" என்றாள்.